ரேடியோவுக்கு விழுந்த சொல்

சலூனில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், கடை சாத்தும்போதுதான் ஓயும். கத்தரியும் சீப்பும் கையில் இருந்துவிட்டால் போதும், மழை, பெட்ரோல் விலை, பல்வலி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று நிலையம் மாற்றி மாற்றி ஒலிபரப்பு நடக்கும். அந்த மனிதருக்கு இருந்த தன்னம்பிக்கையை ஊருக்கே பங்கு போட்டுக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்தது சலூன். ஜன்னலோர நாற்காலி ரேடியோவுடையது. பக்கத்து நாற்காலி அவர் மச்சினனுடையது. மனைவியின் தம்பி. மீசை முளைக்காத வயதில் வந்து சேர்ந்தவனுக்குக் கத்தரியை எந்த விரலில் மாட்டுவது என்று காட்டிக் கொடுத்ததே ரேடியோதான். இப்போது அவன் நன்றாக வெட்டுவான். தன்னைவிட நன்றாக வெட்டுவானோ என்ற சந்தேகம் ரேடியோவுக்கு எப்போதாவது வரும். வந்த வேகத்தில் போய்விடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் கல்லைப் போட்டது முதலாளிதான். வயதாகிவிட்டது என்று சலூனை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார். சுற்றிலும் புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பல தேசத்து ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள், எல்லாருக்கும் பொதுவாய் இருப்பது ஆங்கிலம். அதனால் நாற்காலிக்குப் பின்னால் நின்று வெட்டுகிறவர் ஆங்கிலம் பேசியாக வேண்டும் என்றது கம்பெனி. பரீட்சையும் விசித்திரமான பரீட்சை. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு ஆங்கிலச் சொல் கொடுப்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையையும் வைத்து, ஒரு மாதம் கழித்து அதிகாரியிடம் பேச வேண்டும். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் சுற்றி வரத் தெரிந்தவன், வாடிக்கையாளர் எந்தப் பேச்சை எடுத்தாலும் சமாளிப்பான் என்பது அவர்கள் கணக்கு.

பேசினால் நாற்காலி. பேசாவிட்டால் பின்கட்டு. அங்கே துண்டு துவைக்க வேண்டும், தலை அலசிவிட வேண்டும், நாற்காலிக்கு அடியில் விழுகிற முடியைப் பெருக்க வேண்டும்.

மச்சினனுக்கு ‘லைட்’ என்ற சொல் வந்தது. ரேடியோ தன் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

“செட்டாம்டா! தினம் நான் சொல்ற வார்த்தைடா இது. முடிய செட் பண்றேன், மீசைய செட் பண்றேன். டிவி செட், டீ செட். முடிஞ்சுது கதை. இதுக்கு எதுக்கு இவ்வளவு நாள் அவகாசம்? நாளைக்கே வரச் சொல்லு அந்த அதிகாரிய.”

“மாமா, எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க” என்றான் மச்சினன்.

அக்கா என்பவள் ரேடியோவின் மனைவி. போன் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் குறை கேட்கிற வேலை. நாள் முழுக்கக் காதில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்கள் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, தேன் தடவின ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அந்தத் தேன் அத்தனையும் ஆபீஸிலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்கு ஒரு சொட்டுகூட வந்து சேராது.

“என்னங்க, இது லேசுப்பட்ட சொல் இல்ல” என்றாள், போனில் அகராதியைத் தள்ளிக்கொண்டே. “பக்கம் பக்கமா ஓடுது. சூரியன் மறையுதுல்ல, அதுவும் செட். ஊத்துன சிமெண்ட் இறுகுதுல்ல, அதுவும் செட். ஒடஞ்ச எலும்ப நேரா சேத்து வெக்கிறாங்கல்ல, அதுக்கும் செட். மேசையில தட்டும் கரண்டியும் எடுத்து வெக்கிறது செட். மோதிரத்துல கல்லு பதிக்கிறதும் செட், தீ வெக்கிறதும் செட்.”

“இரு இரு. சூரியன் கீழ போறதுக்கும் சிமெண்ட் இறுகுறதுக்கும் என்னம்மா சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடற மாதிரி இருக்கு!”

“போட்டுத்தான் ஆகணும். இன்னும் கேளுங்க. ஒருத்தன் கூட இருந்தே பொய்க்கேசுல மாட்டி விட்டா, அப்பவும் இந்தச் சொல்தான். பின்னால ‘அப்’ சேத்துக்கணும்.”

“கம்பெனிக்காரன் என்ன மாட்டி விட்டிருக்கானே, அதுவா?”

“அதேதான். பாருங்க, ஒண்ணு வந்துடுச்சு.”

ரேடியோவுக்கு எரிச்சலாக இருந்தது. “எனக்கும் இதுக்கும் செட் ஆகாது” என்றார்.

“அதத்தான் சொல்லக் கூடாது” என்று பிடித்துக்கொண்டாள். “அந்த அர்த்தம் இங்கிலீஷ்ல கெடையாது. நாமளா அந்தச் சொல்லுக்குப் போட்டுக் குடுத்த வேலை அது. அங்க போய்ச் சொன்னா முழிப்பாங்க.”

இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கல் பதிக்கலாம், எலும்பு சேர்க்கலாம், ஊரையே கொளுத்தலாம், எல்லாத்துக்கும் அந்தச் சொல் வருமாம்; இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்று சொல்வதற்கு மட்டும் வராதாம். இது என்ன பாஷை என்று ஒரு வாரம் சலூனில் வந்தவர் போனவரிடமெல்லாம் நியாயம் கேட்டார். ஆனால் கேட்டுக்கொண்டே கற்றார், அதையும் சொல்லியாக வேண்டும். ஆள் வாய்ச்சவடால்தான், சோம்பேறி இல்லை.

மனைவி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். மனப்பாடம் கூடாது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு நிஜ மனிதர், ஒரு நிஜ விஷயம் வேண்டும். ரேடியோ அதைத் தன் வழியில் செய்தார். எலும்பு சேர்க்கிற ‘செட்’டை, மாதம் தவறாமல் வருகிற சுருட்டை முடி நர்ஸின் தலையில் வைத்தார். சிமெண்ட் இறுகுவதை ரெட்டைச் சுழி காண்ட்ராக்டரின் தலையில். நாடகத்துக்கு மேடை போடுகிற ஆசாமிக்குக் காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு உண்டு, மேடையில் எழுப்புகிற வீடும் கதை நடக்கிற ஊரும் அந்தத் தழும்பில் போய் உட்கார்ந்தன. சூரியன் மறைவதை, நடுவில் வழுக்கை விழுந்து ஓரத்தில் மட்டும் முடி மிஞ்சிய ரயில்வே குமாஸ்தாவுக்குக் கொடுத்தார். அந்தந்தத் தலை வரும்போது அந்தந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எடுத்து விடுவார். எதிரில் உள்ள கண்ணாடியில் அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்தால் வாக்கியம் சரி, புருவம் சுருங்கினால் தப்பு. கொஞ்சம் வெட்டும் குத்துமான ஆங்கிலம்தான். ஆனால் நிற்காமல் ஓடியது.

வீட்டிலும் அப்படியே. மனைவி ஈரத் தலையோடு அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் உட்காருவாள். ரேடியோ பின்னால் நின்று சிக்கெடுப்பார். அவள் கேட்பாள், இவர் சொல்வார்.

“அலாரம்?”

சொன்னார்.

“வீட்ட விட்டு வெளியூர் கெளம்பறது?”

சொன்னார்.

“வாத்தியார் கேள்வித்தாள் தயார் பண்றது?”

அதையும் சொன்னார். கடைசி நாள் அவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, “என் கஸ்டமர் யாரும் இவ்வளவு சீக்கிரம் தேறினதில்ல” என்றாள். அவள் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ரேடியோ அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டே படுத்தார்.

பரீட்சை நாள் காலையில் மச்சினன்தான் முதலில் போனான். சாலைக்கு அந்தப் பக்கம், கம்பெனி ஆபீஸ் மாடியில். திரும்பி வந்தவனிடம் “என்னடா?” என்றார் ரேடியோ.

“பாஸ், மாமா” என்றான். அவ்வளவுதான். சிரிக்கவில்லை, அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தன் சீப்புகளை எடுத்துக் கழுவப் போய்விட்டான்.

ரேடியோ அவன் முதுகையே பார்த்தார். நேற்று வரை மாமா மாமா என்று சுற்றி வந்த பயல், பாஸானதும் முகத்தைக் கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறானே! நான் ஃபெயிலானால் இவன் நாற்காலிக்கு அடியில் குனிந்து பெருக்க வேண்டும். இவன் காலைத் தூக்குவான், நான் துடைப்பத்தை விட வேண்டும். நினைக்கும்போதே காது சுட்டது. ‘பார்த்துடலாம்டா’ என்று சட்டைப் பையில் சீப்பையும் சின்னக் கத்தரியையும் வழக்கம்போலச் செருகிக்கொண்டு சாலையைக் கடந்தார்.

அறையில் ஒரு மேசை. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் அதிகாரியம்மா. நெற்றியில் விழுந்து கண்ணைக் குத்துகிற முன்முடியை அடிக்கடி ஒதுக்கிக்கொள்கிற, நடுத்தர வயதுப் பெண்மணி. சுவரில் காலண்டர்கூட இல்லை. “உட்காருங்கள். உங்கள் சொல் செட். ஆரம்பிக்கலாம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நேராக அவர் கண்ணைப் பார்த்தாள்.

ரேடியோ வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

எச்சில் விழுங்கிவிட்டு மறுபடி திறந்தார். “ஐ செட்…” என்றார். எதை? அலாரமா, எலும்பா, தட்டா? ஒன்றும் தட்டுப்படவில்லை. கைகள் இரண்டும் மடியில் அநாதையாகக் கிடந்தன. அந்த அம்மாவின் பார்வை நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவளும் நல்லவிதமாகத்தான் “நிதானமாகச் சொல்லுங்கள்” என்றாள். நிதானம் என்ன, ஒரு யுகமே கொடுத்தாலும் வராது போலிருந்தது. ஊர் வாயையெல்லாம் அடைத்தவரின் வாய் அடைத்துப் போனது.

அவள் பேனாவை எடுத்தாள். அதைப் பார்த்ததும்தான் ரேடியோவுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேரிடம் பேசியிருக்கிறார். ஒருத்தரிடமாவது இப்படி முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசியதுண்டா? எல்லாம் முதுகுப்பக்கம் நின்று, கண்ணாடியில் தெரிகிற முகத்தோடு பேசின பேச்சு. கட்டின மனைவியிடம் பாடம் படித்ததும் அப்படித்தானே! அட மடையா, பரீட்சைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பழக வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருத்தருக்காவது தோன்றியதா?

வேறு ஆளாக இருந்தால் கும்பிட்டுவிட்டு எழுந்து போயிருப்பார். ரேடியோவும் எழுந்தார், ஆனால் கதவுப் பக்கம் போகவில்லை.

“மேடம்” என்றார் தமிழிலேயே, நடப்பது நடக்கட்டும் என்று. “கோவிச்சுக்காதீங்க. நான் உங்க பின்னால வந்து நின்னுக்கட்டுமா?”

அதிகாரியம்மாவின் பேனா நின்றது. “எதுக்கு?” அவளுக்கும் தமிழ் வந்தது.

“முகத்தப் பாத்துப் பேசிப் பழக்கமில்லைங்க. தலையப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு வரும். சீப்பும் கையில இருக்கணும். வேணும்னா உங்க முன்முடிய சரி பண்ணி விடறேன், ரொம்ப நேரமா கண்ணக் குத்துது.”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசையிலிருந்து தள்ளிப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ரேடியோ பின்னால் போய் நின்றார். சீப்பை வைத்து வகிடு எடுத்தார். உச்சியில் ஒரு சுழி, அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. ரெட்டைச் சுழி! காண்ட்ராக்டரின் தலை ஞாபகம் வந்தது. சிமெண்ட் வந்தது. சிமெண்ட் வந்த பிறகு என்ன, அணை உடைந்த மாதிரிதான். மழை வருவதற்குள் சிமெண்ட் இறுக வேண்டுமே என்று காண்ட்ராக்டர் கவலைப்பட்டதை ஆங்கிலத்தில் சொன்னார். நர்ஸ் ஒரு குழந்தையின் மணிக்கட்டு எலும்பை நேராக்கி வைத்ததைச் சொன்னார். நாடகக்காரர் அட்டையில் அரண்மனை எழுப்பியதைச் சொன்னார். தன் வீட்டில் மேசையில் தட்டு எடுத்து வைப்பது யார் வேலை என்று நடக்கிற சண்டையைச் சொன்னார். அதிகாரியம்மாவின் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள். ரயில்வே குமாஸ்தாவின் வழுக்கைக்குப் பின்னால் சூரியனை மறைய வைத்தார். இந்தச் சொல்லைக் கொடுத்துக் கம்பெனி தன்னை மாட்டி விட்டதாக முகத்துக்கு நேரே, இல்லை, முதுகுக்கு நேரே குற்றம் சாட்டினார். அத்தோடு விட்டாரா? “இரண்டு பேருக்கு ஒத்துப்போகாததற்கும் எங்கள் தமிழில் இதே சொல்தான். உங்கள் ஆங்கிலத்தில் அது இல்லை. நஷ்டம் உங்களுக்குத்தான்” என்று ஒரு போடு போட்டார்.

பேச்சு வேகத்தில் கால் தன்பாட்டுக்கு நகர்ந்திருக்கிறது. பக்கவாட்டுக்கு வந்து காதோரம் சீவினார். முன்முடியைப் பிடிக்க முன்னால் வந்தார், தொழில்காரன் வராமல் எப்படி? “ஒரு நூலளவு எடுக்கட்டுமா?” என்று ஆங்கிலத்திலேயே கேட்டார். அவள் தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். குனிந்து, கத்தரியை ஓட்டிக்கொண்டே, வாழ்க்கையில் ஒரு குறிக்கோள் வைத்துக்கொள்வதற்கும் இந்தச் சொல்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள்.

“இப்ப நீங்க எங்க நிக்கறீங்க, பாருங்க” என்றாள்.

முகத்துக்கு முகம் ஒரு சாண்கூட இல்லை. ரேடியோவுக்கு ஒரு கணம் நாக்கு தடுமாறியது. ஆனால் வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. பாதியில் விடுவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. அந்தக் கண்ணைப் பார்த்தபடியே முடித்து வைத்தார்.

“போதும். இங்கிலீஷுக்கு மார்க் போட்டாச்சு” என்று அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். அப்புறம் போனைத் திருப்பி அவரிடம் காட்டினாள்.

முன்முடி கோணல். இடது பக்கம் ஏறி, வலது பக்கம் இறங்கி, அசல் சறுக்கு மரம். கண்ணாடி இல்லாமல் இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்துப் பழக்கமே இல்லாத கை அது.

“ஐயோ!” என்று தலையில் அடித்துக்கொண்டார் ரேடியோ. “சத்தியமா இப்படி வெட்டுற ஆள் இல்லைங்க நான். என் நாற்காலிக்கு வாங்க. அங்க பாருங்க என் கைய.”

“நடங்க” என்றாள் அவள். “நானும் கத்தரி பிடிச்சு மேல வந்தவதான். வெட்டுக்கு மார்க் அங்க வந்து போடறேன்.”

கோணல் முடியோடு அதிகாரியம்மா சாலையைக் கடந்து வருவதைப் பார்த்த மச்சினனின் கையிலிருந்து துண்டு நழுவியது. ஜன்னலோர நாற்காலியில் அவளை உட்கார வைத்தார் ரேடியோ. கண்ணாடியைப் பார்த்து ஒரே மூச்சில் கோணலை நிமிர்த்தினார். அந்தச் சில நிமிடமும் ரேடியோ வாயைத் திறக்காதது சலூன் சரித்திரத்திலேயே முதல் தடவை.

அவள் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். “சரி. நாற்காலி உங்களுதுதான்” என்றாள்.

ரேடியோ சந்தோஷத்தில் குதிப்பார் என்று பார்த்தால், மச்சினன் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே கொட்டிவிட்டார். “பயந்துட்டேன்டா. நீ காலையில மூஞ்ச திருப்பிக்கிட்டுப் போன பாரு, இனிமே இவன் காலுக்கடியிலதான் நமக்குப் பொழப்புன்னு நெனச்சுப் பயந்துட்டேன்.”

மச்சினன் கண் கலங்கியிருந்தது. அதிகாரியம்மாதான் பேசினாள்.

“அவர் எப்படி உங்க மூஞ்சியப் பார்ப்பார்? காலையில பாஸானதும் என்ன சொன்னார் தெரியுமா? எங்க மாமாவுக்கு நாற்காலி இல்லன்னா எனக்கும் வேண்டாம், நானும் அவரோட பின்கட்டுக்குப் போறேன்னு சொன்னார்.”

ரேடியோ மச்சினனைப் பார்த்தார். கண்ணாடியில் இல்லை, நேராக. அவனோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சட்டென்று ஒரு சந்தேகம் அவரைக் குத்தியது. “அப்போ… இவன் அப்படிச் சொன்னதாலதான் எனக்கு பாஸ் போட்டீங்களா, மேடம்?”

“நானா?” அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். “அப்படின்னா ரெண்டு பேரும் சேந்து பெருக்குங்கன்னு அவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டுத்தான் உங்கள உள்ள கூப்பிட்டேன்.”

அவள் போன பிறகு மச்சினன் மெதுவாக, “அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா, கைக்கு வந்த வேலைய விட்டுடப் பாத்தியான்னு திட்டும்” என்றான்.

“திட்டட்டும். நல்லாத் திட்டட்டும்” என்றார் ரேடியோ. அவன் தோளைப் பிடித்து ஜன்னலோர நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தார். “தல காடா வளந்து கெடக்கு, கம்பெனிக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க? ஆடாம உக்காரு” என்று சொல்லிவிட்டு, அவன் கழுத்தில் துணியைக் கட்ட ஆரம்பித்தார்.